இரண்டாவது அக்கா

வீட்டில் தமிழ் பேச ஆள் இல்லாமல் போன பிறகுதான், தமிழ் பேசிச் சம்பாதிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

அம்மா இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. பூனாவில், சாங்வியில் நாங்கள் இருவரும் குடியிருந்த ஃபிளாட்டில் நான் மட்டும் இருந்தேன். காலையில் ஔந்தில் ஒரு ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பேன். வகுப்பில் ஆங்கிலம், ஆசிரியர்கள் அறையில் மராத்தி, ஆட்டோவில் இந்தி. மதியம் வந்து பூட்டைத் திறந்தால் எந்த மொழியும் கிடையாது. கனடாவில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அவர்கள் பக்கத்தில் வந்து நின்றதும் அவனும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதற்காக அழுத காலமெல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் சில நாள் படுக்கப் போகும்போது, காலையிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்கூட வாயில் வரவில்லையே என்று உறைக்கும். அப்போது சும்மா எதையாவது சொல்லிப் பார்ப்பேன். "கேஸ் மூடியாச்சா", "கதவு சாத்தியாச்சா" என்று. பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன்.

என் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது பூனாவை ஒட்டிய தேஹு ரோட்டில். அப்பா ராணுவத் தளவாடக் கிடங்கில் சிவிலியன் ஊழியர். அப்பா அம்மா இருவருக்குமே பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குள் 'சொல்லுதேன்', 'பாக்கேன்' என்கிற தமிழ். வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். பள்ளியில் தமிழ் கிடையாது. அம்மா வேதாகமத்தை மடியில் வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்ததால் வாசிக்க வந்தது. பேச்சில் எல்லாம் கலந்து கிடந்தது. குப்பைக்குக் கச்ரா, கொத்தமல்லிக்குக் கோத்திம்பிர், சீக்கிரத்துக்கு ஜல்தி. அதைக் கலப்பு என்றே நான் அறியவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் விஷயம் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண்கள் சிலர் என் வகுப்பில் இருந்தார்கள். என் வயதில் தமிழ் பேசும் பெண்கள் கிடைத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே குதூகலம். கேன்டீன் வரிசையில் நின்றபடி, தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, நான் லைன்ல நிக்கேன், நீ ஜல்தி வா!"

அவள் நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ன லாங்வேஜ்டி இது? ப்ளீஸ், இன்னொரு தடவை சொல்லு!"

சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்க அந்த வாக்கியம் பரவிவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னைக் கூடவே வைத்துக்கொண்டார்கள், பிறந்தநாளுக்கெல்லாம் அழைத்தார்கள். ஆனால் என்னைப் பார்த்ததும் யாராவது ஒருத்தி "லைன்ல நிக்கேன், ஜல்தி வா" என்று ஆரம்பிப்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பழகினேன். நிக்கறேன். பாக்கறேன். சீக்கிரம் வா. அந்த வருடம் முடிவதற்குள் அவர்களில் ஒருத்தியைப் போலவே பேச எனக்கு வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. மராத்தித் தோழி ஒருத்தி இருந்தாள். அவளோடு பேசும்போது அவள் இழுக்கும் இழுப்பு என் வாயிலும் வரும். பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த தலைமை ஆசிரியையின் ஆங்கிலம் எனக்குள் வந்து உட்கார்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கும் விதத்தில்தான் நானும் வைக்கிறேன் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். யாருடன் இருந்தேனோ அவர்களுடைய சாயலில் இருந்தேன். ஒருவருக்கும் என்னால் உறுத்தல் இல்லை. அம்மாவிடம் மட்டும் பழைய பேச்சு மிச்சமிருந்தது. அம்மா போனதும் அதைக் கேட்கவும் ஆள் இல்லை.

கைப்பேசியில் கதைகளை ஒலியாகக் கேட்கும் செயலி ஒன்றுக்குத் தமிழ் வாசிப்பாளர்கள் தேவை என்ற விளம்பரம் அந்தச் சமயத்தில்தான் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் வாசித்து அனுப்பினேன். சில நாள் கழித்துச் சென்னையிலிருந்து தயாரிப்பாளர் பேசினார். என்னைவிட மிகவும் இளையவர் என்று குரலிலேயே தெரிந்தது.

"உச்சரிப்பு பர்ஃபெக்ட் மேடம். எங்கயும் தடுக்கவே இல்லை. ஆனா கொஞ்சம் ஃபிளாட்டா இருக்கு. ஒரு லிங்க் அனுப்பறேன், கேளுங்க. எங்ககிட்ட இருக்கற பெஸ்ட் வாய்ஸ் அவங்கதான். அந்த ஃபீல் வந்துச்சுன்னா போதும்."

அந்த அம்மாளின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சூடான பாலில் ஆடை படிந்ததுபோல மிருதுவான குரல். துக்கமான வரி வரப்போகிறது என்றால் அதற்கு முன்னால் மிக லேசாகச் சிரிப்பார். வாக்கியத்தின் நடுவில் ஒரு மூச்சு நிறுத்துவார். கேட்கிறவர்களுக்கும் மூச்சு நின்றுவிடும். பேருந்தில், சமையலறையில், துணி உலர்த்தும்போது, எப்போதும் காதில் அவர்தான். ஒரு மாதத்தில் அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. எழுத்தைப் பார்த்தாலே அவர் குரல் தானாக எனக்குள் ஓடியது. அதன் பின்னாலேயே என் குரல் ஓடினால் போதும்.

பதிவு செய்ய ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. படுக்கையறைச் சுவரில் பதித்த பெரிய அலமாரி ஒன்று இருந்தது. சேலைகளையும் கம்பளிகளையும் இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, மைக்கை வைத்துக்கொண்டேன். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று தயாரிப்பாளர்தான் சொல்லித் தந்தார். இந்த ஊரில் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை கடைகள் அடைத்திருக்கும்; சாப்பிட்டுப் படுத்தவர்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். எங்கள் குடியிருப்பிலும் அந்த நேரத்தில் மிக்ஸி ஓடாது, பிள்ளைகள் கத்த மாட்டார்கள். அதுதான் என் பதிவு நேரம்.

முதல் கதை வெளியானபோது கீழே சிலர் எழுதியிருந்தார்கள். 'அவங்களா இது?', 'அச்சு அசல் அவங்களேதான்' என்று. அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அன்று பேருந்தில் நின்றுகொண்டே வந்தாலும் கால் வலிக்கவில்லை. ஒருவரைப் போலவே இருக்கிறேன் என்பதை அவ்வளவு பெரிய வெற்றியாக நினைத்தேன். தயாரிப்பாளர் அடுத்தடுத்துக் கதைகள் அனுப்பினார். ஏறக்குறைய ஒன்றரை வருடம் மதியங்கள் அப்படியே போயின.

ஒரு பிப்ரவரி மாதம் அவர் கூப்பிட்டார். கையில் எடுத்திருந்த கதையைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"ரொம்ப நல்லாப் பண்ணீங்க மேடம். அதுல சந்தேகமே இல்லை. ஆனா இப்ப அவங்களே பர்மிஷன் குடுத்துட்டாங்க. அவங்க குரலை சிஸ்டம்ல ஏத்தியாச்சு. எந்தக் கதையைக் குடுத்தாலும் அவங்க குரல்லயே அதுவே படிச்சிடும்."

மெஷினா என்று கேட்டேன். ஆமாம் என்றார். "அப்ப என் குரல்?" என்றேன்.

அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். கேலியாகச் சொல்லவில்லை. "உங்க குரல்னா… எது மேடம்? நாங்க கேட்டதெல்லாம் அந்த ஸ்டைல்தானே?"

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு வந்த மதியங்கள் நீளமாக இருந்தன. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே புறா முனகும். கீழே பழைய சாமான் வாங்குகிறவர் "பங்கார்" என்று கூவிக்கொண்டு போனால், இனிமேல் இவர் கூவினால் என்ன, நமக்கு எதையும் நிறுத்தத் தேவையில்லையே என்று தோன்றும். அந்த அம்மாளின் குரலில் மெஷின் வாசித்த கதையை ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். துக்கத்துக்கு முன்னால் வரும் சின்னச் சிரிப்பு அதில் இருந்தது. மூச்சு நிறுத்துவதும் சரியாக இருந்தது. நான் மாதக்கணக்கில் பழகியதை அது எந்தக் கஷ்டமும் இல்லாமல் செய்தது. பாதியில் அணைத்துவிட்டேன்.

அழைப்பு மணி அடித்தது அப்படி ஒரு மதியத்தில்தான். திறந்தால் பக்கத்து ஃபிளாட் பெண். குடிவந்து பல மாதம் ஆகியும் லிஃப்டில் தலையசைத்ததோடு சரி. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கையில் மூடி போட்ட கிண்ணம்.

"அக்கா, தொந்தரவு பண்றேனுங்களா? கொஞ்சம் பாயசம் வெச்சேன். நீங்க தமிழ்னு தெரியுமுங்க. கேட்ருக்கேன்."

உள்ளே வரச் சொன்னேன். அவளுக்குக் கோயம்புத்தூர். கணவனுக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அது ஊரின் அந்தக் கோடி. நண்பன் ஒருவனின் ஃபிளாட் காலியாகக் கிடந்ததால் இந்தக் கோடியில் குடிவந்திருக்கிறார்கள். காலையில் அவன் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவான். அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். யாரையோ தேடுவதுபோல இருந்தது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னொரு அக்கா இருப்பாங்களே, அவங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? கொஞ்ச நாளா சத்தமே காணோம்."

"இன்னொரு அக்காவா?"

"ஆமாங்க்கா. நீங்க மத்தியானத்துல டீவியில வர்ற மாதிரி அழகாப் படிப்பீங்க. எங்க அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கேக்கும். நடுவுல நடுவுல இன்னொரு அக்கா பேசுவாங்களே. கொஞ்சம் கட்டைக் குரலு. உங்களைத் திட்டிட்டே இருப்பாங்க." அவள் முகம் மலர்ந்துவிட்டது. "'ஏட்டி, ஒனக்கு ஒரு வரி ஒழுங்கா வராதா, ஜல்தி சொல்லித் தொல'ன்னு. ஒருநா புறாவை என்ன திட்டுத் திட்டுனாங்க! நான் பருப்பு தாளிச்சிட்டு இருந்தவ, சிரிச்சுச் சிரிச்சு கருகவே விட்டுட்டேனுங்க."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வாசிப்பில் தடுக்கினால் நிறுத்துவேன். நிறுத்தினால் என்னை நானே ஏசிக்கொள்வேன். குக்கர் சத்தத்துக்காக, விமானத்துக்காக, புறாவுக்காகக் காத்திருக்கும்போது வாய் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருக்கும். அதை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொல்றதுக்கென்னங்க. அவங்க 'மணி என்ன ஆச்சு'ன்னு கேப்பாங்க. நீங்க பதிலே சொல்ல மாட்டீங்க. நான் எங்க அடுப்படியில இருந்து மெதுவாச் சொல்லுவேன், ரெண்டரைங்க்கான்னு. அவங்களுக்குக் கேக்காது. இருந்தாலும் சொல்லுவேன். இந்த ஊர்ல பகல்ல நான் பேசுனது அவங்ககூடத்தானுங்க."

நானேதான் அது என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அலமாரிக்குள் தனியாகப் பேசிக்கொள்கிற ஒரு பொம்பளை என்று இந்தச் சின்னப் பெண் நினைத்துவிடுவாளே என்று கூச்சம். கல்லூரியில் பழகிய சுத்தமான தமிழில், "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன்.

"எப்ப வருவாங்கக்கா?"

"தெரியலை."

அவள் முகம் விழுந்துவிட்டது. "வந்தா சொல்லுங்கக்கா. நான் வந்து பாக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கிண்ணத்தைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். நான் அவ்வளவு பாடுபட்டு மெருகேற்றிய குரலை அவள் டீவிபோல அழகாக இருந்தது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கழித்துப்போட வேண்டியதை அல்லவா தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பழைய பதிவுகள் வெட்டாமல் முழுசாக மடிக்கணினியில் கிடந்தன. அன்று சாயங்காலம் அவற்றைத் திறந்து, கதை வரும் இடங்களைத் தாண்டித் தாண்டி, இடையில் இருந்ததை மட்டும் கேட்டேன். முதலில் அவமானமாக இருந்தது. கேன்டீன் வரிசையில் நின்ற அதே பெண்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காது பழகியது. கதை வாசிக்கும் குரலைவிட அது தாழ்வாக இருந்தது. வேகமாக ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடியது. வேடிக்கையைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிட்டது. "இந்த மீட்டிங்ல எத்தன மண்டைங்க, ஒரு பேச்சுக்கும் உப்பில்ல" என்று பள்ளியைப் பற்றி ஓரிடத்தில் சொல்லியிருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. யார் மாதிரி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பழக்கம் அதுதானே, ஒரு குரலைக் கேட்டால் யார் மாதிரி என்று தேடுவது. எவ்வளவு தேடியும் ஒருவரும் அகப்படவில்லை.

அடுத்த வாரம் அவள் கிண்ணத்தை வாங்க வந்தாள். கதவைத் திறந்ததும், யோசிக்க நேரம் கொடுக்காமல் சொல்லிவிட்டேன்.

"வாட்டி உள்ள. அங்கன நின்னா கொசு வரும். பாயசம் மஸ்த்தா இருந்துச்சு, ஆனா இனிப்பு ஜாஸ்தி, ஏலக்கா எங்கன்னு தேடுதேன்."

அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். "அய்யோ, நீங்கதானுங்களா அது!" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று நாலு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அவள் கொங்குத் தமிழில் பேச, எனக்குள் வழக்கம்போல அந்த 'ங்க' வந்து எட்டிப்பார்த்தது. ஒன்றிரண்டு தடவை வாயிலும் வந்துவிட்டது. பிடித்து உள்ளே தள்ளினேன்.

அவளிடம் சொன்ன கதைகளில் ஒன்றைப் பதிவு செய்யலாம் என்று தோன்றியது. எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது நடந்தது. திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் அக்கா வந்தாள். அப்பாவுக்கு விடுப்பு இல்லை, அம்மாவுக்கு இந்தி வராது, அதனால் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர என்னையும் அம்மாவோடு அனுப்பினார்கள். ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு அத்தை, "இவன் கட்டையில போக" என்றாள். என்ன சொல்கிறார் என்று ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார். நீங்கள் நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறார்கள் என்று இந்தியில் சொன்னேன். கிழவிக்குப் பைத்தியமா என்றார் அவர். என்ன சொல்லுதான் என்றாள் அத்தை. உங்க சேலை நல்லா இருக்காம் என்றேன். அத்தைக்கு ஒரே பூரிப்பு. பையைத் திறந்து ஒரு விள்ளல் அல்வாவை இலையோடு எடுத்து அவர் கையில் வைத்துவிட்டாள். அதைத் தின்றவர் பேரம் எதுவும் பேசவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வந்ததும் அத்தையின் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிவரை வந்தார்.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. அலமாரிக்குள் மைக் முன்னால் உட்கார்ந்தால் வரவில்லை. முதல் வரியிலேயே அந்த அம்மாளின் மூச்சு வந்து நின்றது. அத்தை ஏசுகிற இடத்தில் மென்மையாகச் சிரிக்கிறேன். அழித்தேன். மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை கல்லூரிப் பெண்களின் தமிழ். எத்தனை பேரை உள்ளே குடிவைத்திருக்கிறேன் என்று அன்றுதான் பார்த்தேன். பல மதியங்கள் வீணாகப் போயின. எனக்கென்று ஒன்று இல்லவே இல்லையோ, தனியாகப் புலம்பும்போது வருவது வெறும் புலம்பல்தானோ என்று பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லவும் ஒரு குரல் வேண்டுமே.

கடைசியில் ஒருநாள் காகிதத்தைத் தூரப் போட்டுவிட்டு, ஸ்டூலைத் திருப்பி, மைக்கையும் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள் என்று தெரியும். பாத்திரம் வைக்கும் சத்தம் லேசாகக் கேட்டது.

"ஏட்டி, கேக்கியா? எங்க அத்த வந்த கதையச் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தேன்.

வார்த்தை முட்டிய இடத்தில் நின்றேன். இந்தி வந்தால் இந்தி, மராத்தி வந்தால் மராத்தி. எதையும் திருத்தவில்லை. அல்வா வந்த இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பதிவிலும் அது மெலிசாக விழுந்திருந்தது. வெட்டாமல் விட்டுவிட்டேன்.

தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"கதை ஜாலியா இருக்கு மேடம். ஆனா இது எந்த ஊர் தமிழ்னு கேப்பாங்க."

"தேஹு ரோடு."

"அது எங்க இருக்கு?"

"பூனா பக்கத்துல."

"இல்ல மேடம், தமிழ்நாட்டுல எந்த ஊர்னு கேட்டேன்."

"தமிழ்நாட்டுல இல்ல தம்பி. இங்கனதான்."

அவருக்கு 'தம்பி' புதிதாக இருந்திருக்கும். எங்கள் கேட்பாளர்கள் குழம்பிவிடுவார்கள் என்று மரியாதையாகச் சொல்லி மறுத்துவிட்டார். முன்பென்றால் உடனே திருத்தி வாசித்து அனுப்பியிருப்பேன். இப்போதும் கை பரபரத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டபோது, இதில் எந்த வரியை மாற்றினாலும் அத்தை செத்துவிடுவாள் என்று தெரிந்தது. நானாகவே இணையத்தில் ஏற்றினேன். அதற்குப் பிறகு மாதம் ஒன்றோ இரண்டோ ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கொஞ்சம் பேர் கேட்கிறார்கள். 'முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வாருங்கள்' என்று ஒருவர் எழுதினார். அது சில நாள் குத்திக்கொண்டே இருந்தது. வடக்கே வேறொரு ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த ஒருவர், 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான் பேசினோம், இப்போது எனக்குப் பேச ஆளில்லை' என்று எழுதினார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் அடுத்த கதையைப் பதிவு செய்தேன்.

ஜூன் மாதம் பக்கத்து வீட்டுப் பெண் போய்விட்டாள். மகர்பட்டாவிலேயே வீடு கிடைத்துவிட்டது. கணவனுக்கு அலுவலகம் நடந்து போகிற தூரம். அவளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் சந்தோஷமாக முகத்தை வைத்துக்கொண்டேன். சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பும்போது, "ஒரே ஊருதானுங்கக்கா, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்துருவேன்" என்றாள். ஒரு தடவை வந்தாள். இந்த ஊர் டிராஃபிக்கில் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவள் வீடு காலி செய்த மறுநாள் மதியம் பழக்கதோஷத்தில் "மணி என்ன ஆச்சு" என்று கேட்டுவிட்டு, பதில் வராத சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எதையும் பதிவு செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. அவள் இருந்ததால்தான் பேச வந்ததோ என்ற சந்தேகம் எழுந்தது. மூன்றாம் நாள், பள்ளிக்குக் கைக்குடையோடு போய்க் கையில் பிடி மட்டும் மிஞ்சித் திரும்பிய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். வழக்கமான விசாரிப்புகள் முடிந்தும் வைக்காமல் இருந்தான்.

"ஏட்டி, நீ போட்டதெல்லாம் கேட்டேன். கார்ல போம்போது கேட்டேன்." "அம்மா பேசுத மாதிரியே இருக்கு."

என்னைத் தெரிந்தவர்கள் சொல்லக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். ஆனால் அது சரியில்லை என்று பட்டது.

"இல்லண்ணே. அம்மா கச்ரான்னு ஒருநாளும் சொன்னதில்ல, குப்பன்னுதான் சொல்லுவா. நான் சொன்னா கண்டுக்க மாட்டா, அவ்வளவுதான். அம்மா இவ்ளோ வேகமாவும் பேச மாட்டா. நல்லா யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். தூரத்தில் அவன் வீட்டுப் பாத்திரம் கழுவும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஆமா" என்றான். "அம்மா மாதிரி இல்லதான். அப்ப நீ எப்பவும் இப்படித்தான் பேசுவியா? எனக்குத் தெரியாமப் போச்சே."

"எனக்கும் தெரியாதுண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஆங்கிலத்துக்கு மாறாமல் கொஞ்ச நேரம் பேசினான். தட்டுத் தடுமாறித்தான் பேசினான். வைத்ததும் வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. அந்த அமைதி இன்னும் எனக்குப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது கூடுதலாகவே இருக்கும். எழுந்து சோறு வைக்கலாம் என்று போனபோது, ஜன்னல் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஏய் ருக்கோ, ருக்கோ, வாரேன், அதுக்குள்ள என்ன அவசரம் ஒனக்கு!" என்று மழையைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினேன். கீழே வாட்ச்மேன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது. துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.